பவளம் கேட்ட வெளிச்சம்

"அந்த விளக்குக்கு மத்தியானம் ஆனா தூக்கம் வந்துருதாம்" என்று அலுவலகத்துப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். "தெரேஸ்புரம் பக்கம், ஜெபசிங்னு ஒரு பெரியவர். விடாம கூப்பிட்டுக்கிட்டே இருக்கார். நீயே ஒரு எட்டு போயிட்டு வந்துரு இசக்கி."

இசக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விளக்கைச் செய்தவர்களில் அவளும் ஒருத்தி.

கடல் சூடேறி, மன்னார் வளைகுடாவின் பவளப் பார்கள் எல்லாம் எலும்புக் குவியலாக வெளுத்துப்போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கடைசி நேரத்தில் உயிரோடு எடுத்துவந்த பவளத் துண்டுகளுக்காகக் கரையில் ஒரு காப்பகம் தொடங்கினார்கள். அங்கே இடம் போதவில்லை. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால், ஒரு நோய் வந்து மொத்தமாக வாரிக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் வேறு. ஆகவே ஊருக்குள் யாருக்கெல்லாம் பொறுமை இருந்ததோ அவர்கள் வீட்டுக்குக் கொடுத்தார்கள். நாய் வளர்க்கிற வீட்டைவிடப் பவளம் வளர்க்கிற வீடுதான் தூத்துக்குடியில் அதிகம் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்ட காலம் அது.

வாங்கிப் போனவர்கள் எல்லாரும் தடுமாறியது ஒரே இடத்தில்தான். உப்புக்கு அளவு உண்டு, சூட்டுக்கு அளவு உண்டு. வெளிச்சத்துக்கு மட்டும் யாராலும் அளவு சொல்ல முடியவில்லை. குறைந்தால் பவளம் பட்டினியில் மெலிந்தது. கூடினால் கருகியது. ஒரே பாறையின் உச்சியில் இருப்பது ஒன்று கேட்கும், அதன் நிழலில் இருப்பது வேறொன்று கேட்கும். பக்கத்து வீட்டில் செழித்த அதே பவளம் அதே விளக்கின் கீழ் இந்த வீட்டில் செத்தது.

இசக்கியின் குழு செய்த விளக்கு அளவு சொல்லவில்லை, கேட்டது. பவளத்தின் மேல் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன வாய்கள் உண்டு. ஒவ்வொரு வாயைச் சுற்றியும் மயிரிழை விரல்கள். சுகமாக இருந்தால் அவை விரியும், வெளிச்சம் உறைத்தால் சுருங்கும். தொட்டியின் கண்ணாடியில் ஒட்டிய பொட்டளவு கேமரா ஒன்று அந்த விரிதலையும் மூடலையும் சலிக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கும். அது சொல்வதைக் கேட்டு விளக்கு ஏறும், இறங்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமல், பவளத்தோடு பழகிப் பழகியே விளக்கு அதைக் கற்றுக்கொள்ளும். கேட்கும் விளக்கு என்று ஊரே பெயர் வைத்துவிட்டது.

ஜெபசிங் வீட்டு விளக்கு மட்டும் என்ன கேட்டதோ!

*

அவர் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டி உள்ளே கொண்டுவரும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். உயரமான மனிதர். மாடி வீட்டுக் கதவைத் திறந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே தொட்டியிடம் கூட்டிப்போனார்.

நீண்ட கூடத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நடுவில் நின்றது தொட்டி. இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, செய்தித்தாள், தேநீர்க் கோப்பை. தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டில். நீல வெளிச்சத்தில் கிளைகிளையாக நின்ற பவளத்தைப் பார்த்ததும் இசக்கி பையை இறக்கி வைத்துவிட்டு நெருங்கிப் போனாள். தேன் நிறக் கிளைகள், நுனிகளில் மட்டும் ஊதா.

"இது அந்த மான்கொம்புப் பவளமா சார்?"

"அதேதான். இந்த ரகத்துல இது ஒண்ணுதான் மிச்சம்னு காப்பகத்துல சொல்லுதாங்க. மத்த வீட்டுல இருந்ததெல்லாம் போயிட்டு." அவர் குரலில் பெருமை இல்லை, பாரம்தான் இருந்தது. "இங்க வந்து பாருங்கம்மா."

கட்டில் பக்கமாக அழைத்துப்போனார். அந்தப் பக்கத்துக் கிளைகளின் அடியில் சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது.

"மத்தியானம் நான் டீயோட உக்காருவேன். கொஞ்ச நேரத்துல விளக்கு மங்க ஆரம்பிச்சிரும். சாயங்காலம் மாதிரி இருட்டிரும். அப்புறம் தானா ஏறும். மறுபடி மங்கும். தினமும். வெளிச்சம் பத்தாமத்தான் இது சாகுது. வேற என்ன?"

"வெளிச்சம் ஜாஸ்தியாகி, பவளமே கொறைக்கச் சொல்லுதோ என்னமோ சார். இதுக்குள்ள இருக்குற பாசிதான் வெளிச்சத்தைச் சாப்பிட்டுப் பவளத்துக்கு ஊட்டுது. அளவுக்கு மேல போனா அதுவே விஷம்."

"காலையில நல்லாத்தான இருக்கு? அப்பம் உறைக்காத வெளிச்சம் மத்தியானம் உறைக்குமா?"

அன்றைக்கு இன்னும் பல வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவும் பொறுக்கவில்லை. விளக்கின் கேட்கும் முறையை நிறுத்திவிட்டு, காலையில் ஏறி, பகலெல்லாம் ஒரே அளவாக நின்று, மாலையில் இறங்கும்படி அமைத்துக் கொடுத்தாள்.

கருவிகளை எடுத்துவைக்கும்போதுதான் கட்டிலில் இருந்தவளைச் சரியாகப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தவாக்கில் ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தார்கள். நரைத்த பின்னல். தொண்டையில் சுவாசக் குழாய். பாதி மூடிய இமைகள் லேசாகத் துடித்தன.

"வணக்கம்மா" என்றாள் இசக்கி.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார் ஜெபசிங் சாதாரணமாக. "என் சம்சாரம். லீதியாள். தமிழ் டீச்சரா இருந்தா. மூளைக்கு அடித்தண்டுல ரத்தம் கட்டி இப்படி ஆயிட்டு. டாக்டர் பாத்துட்டு, உடம்பு இருக்கு, ஆள் இல்லைன்னுட்டார். காலையில அந்தப் பக்கம், மத்தியானம் இந்தப் பக்கம்னு புண்ணு வராம திருப்பிப் போடுதேன். வேற செய்யதுக்கு என்ன இருக்கு?"

அப்போது அவர் போன் அடித்தது. பெங்களூரில் இருந்து மகள். அவர் அங்கேயே நின்று பேசினார். "ஆமா ஷீபா, பாளையங்கோட்டையில நீ சொன்ன ஹோமைப் பத்தி யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். கொண்டுபோய் விட்டா என்ன, விடாட்டி என்ன? உங்கம்மா எப்பமோ போயிட்டா. நான் ஒரு உடம்பை வச்சிக் காவல் காத்துக்கிட்டு இருக்கேன்."

வாசலில் செருப்பு மாட்டும்போது இசக்கிக்கு அது கேட்டது. மனைவிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கையளவு தூரம்கூட இல்லை.

*

அடுத்த வாரம் காப்பகத்திலிருந்தே போன் வந்தது. மான்கொம்பு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது, திங்கட்கிழமை அதை வீட்டிலிருந்து எடுக்கப் போகிறோம், எடுத்தாலும் பிழைக்குமா தெரியாது, நீங்கள் விளக்கில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள்.

இசக்கி அன்றே போனாள். மத்தியானம். ஜெபசிங் இந்த முறை புகார் சொல்லவில்லை. தாடி வளர்ந்திருந்தது. தேன் நிறம் பாதியாகக் குறைந்து, வெள்ளை மேலே ஏறியிருந்தது.

"விளக்கு இப்பம் மங்கவே இல்லம்மா. நல்லா எரியுது. ஆனா இது சாகுது."

"அப்ப வெளிச்சம் காரணம் இல்ல சார்." அவள் தரையில் உட்கார்ந்து கையிலிருந்த பலகைக் கணினியைத் திறந்தாள். "கேக்குற முறையைத் திரும்பப் போடுதேன். எந்த வாய் மங்கச் சொல்லுச்சுன்னு நேராவே பாத்துருவோம்."

திரையில் பவளத்தின் வரைபடம் வந்தது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு புள்ளி. விரிந்தால் பச்சை, மூடினால் சிவப்பு. கிளை கிளையாகப் பச்சைப் புள்ளிகள் பூத்தன. புள்ளியின் பருமன் விளக்கு அதன் பேச்சை எவ்வளவு மதிக்கிறது என்பதைக் காட்டும். எல்லாம் கடுகளவு புள்ளிகள்.

இரண்டு மட்டும் கோலிக்குண்டு அளவுக்கு இருந்தன.

அவை எந்தக் கிளையிலும் இல்லை. பாறையும் இல்லாத, பவளமும் இல்லாத வெறும் தண்ணீரில், பக்கம் பக்கமாக மிதந்தன.

"இது என்னது?" என்றாள் தனக்குத்தானே. மீனாக இருந்தால் நகர வேண்டும். இவை நகரவில்லை. பவள வாய் என்றால் மூடவும் திறக்கவும் நேரம் எடுக்கும். இவை சட்டென்று மூடின, சட்டென்று திறந்தன. அதுவும் இரண்டும் ஒரே கணத்தில், சொல்லிவைத்த மாதிரி. ஆயிரம் வாய்களும் முனகிக்கொண்டு இருக்கும்போது, தெளிவாகப் பதில் சொல்வது இந்த இரண்டும்தான். எது பதில் சொல்கிறதோ அதைத்தான் விளக்கு நம்பும். அப்படித்தான் அவள் அதைச் செய்திருந்தாள்.

இரண்டு புள்ளிகளும் சிவந்தன. சிவந்தே இருந்தன. தலைக்குமேல் வெளிச்சம் மெல்ல மங்கத் தொடங்கியது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று ஜெபசிங் விளக்கைக் காட்டினார்.

இசக்கி விளக்கைப் பார்க்கவில்லை. கேமராவைத் தேடினாள். இந்தப் பக்கக் கண்ணாடியில், நாற்காலியின் முன்னால் ஒட்டியிருந்தது. மற்ற வீடுகளில் தொட்டிக்குப் பின்னால் சுவர் இருக்கும். இங்கே சுவர் இல்லை. கேமராவின் பின்னால் தலையை வைத்து, அது பார்க்கிற திசையில் அவளும் பார்த்தாள். முதலில் கண்ணாடி. பிறகு தண்ணீர். பவளக் கிளைகளின் நடுவே ஓர் இடைவெளி. அதற்கப்பால் மறுபக்கக் கண்ணாடி. அதற்கும் அப்பால், தலையணையில், ஒரு முகம்.

பாதி மூடியிருந்த இமைகள் இப்போது முக்கால் மூடியிருந்தன.

இசக்கி திரையைப் பார்த்தாள், மறுபடி அந்த முகத்தைப் பார்த்தாள்.

"சார்" என்றாள். "உங்க டாக்டர் அம்மாவை எவ்வளவு நேரம் பாத்தார்?"

"வந்து பாத்தார். டார்ச் அடிச்சார். கண்ணைச் சிமிட்டச் சொன்னார். அது எப்பமும் துடிச்சுக்கிட்டுத்தான இருக்கு? அதுல எது இவ சிமிட்டுனது, எது நரம்புத் துடிப்புன்னு யாருக்குத் தெரியும்? ஏன் கேக்குதீங்க?"

"இந்த விளக்குக்குத் தெரியும் சார். அது மாசக்கணக்கா வேற வேலையே இல்லாம அந்தக் கண்ணைத்தான் பாத்துக்கிட்டு இருந்துருக்கு. பவளத்துக்கு வாய் விரியுது, மூடுதுன்னு பாக்கச் சொன்னோம். அது அம்மா கண்ணையும் பவளம்னே நெனச்சிருச்சி."

அவருக்குப் புரியவில்லை. அவள் பலகையை அவர் கையில் கொடுத்து, இரண்டு பெரிய புள்ளிகளைக் காட்டிவிட்டு, கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் மண்டியிட்டாள். விளக்கு மேகம் நகர்வதுபோல மெதுவாக மாறும்படி வைத்திருந்த தாமதத்தைப் பலகையைக் கொடுக்கும் முன்பே எடுத்துவிட்டிருந்தாள்.

"டீச்சர், நான் இசக்கி. இந்த விளக்கைச் செஞ்சவ. நான் சொல்லுறது கேட்டுச்சுன்னா கண்ணை மூடுங்க. விளக்கு மங்கும்."

விளக்கு மங்கியது.

"சரி. இப்பம் தொறங்க."

விளக்கு ஏறியது.

"என் பேரு இசக்கிங்கிறது சரின்னா மூடுங்க." மங்கியது. "என் பேரு ஷீபாவா?" நீலம் அசையாமல் நின்றது. இமைகள் முடிந்த மட்டும் அகன்று, ஓரத்தில் நீர் கோத்துக்கொண்டு நின்றது.

ஜெபசிங் கையிலிருந்த பலகையை மெதுவாக நாற்காலியில் வைத்தார். சமையலறைக்குப் போனார். உள்ளே குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. இசக்கி லீதியாளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை பிடிக்கவில்லை, விலகவுமில்லை. ஆனால் அதற்குள் ஓர் ஆள் முழுதாக இருக்கிறார் என்று இப்போது தெரிந்துவிட்டதால், பிடித்திருக்கவே கூச்சமாக இருந்தது.

திரும்பி வந்தபோது அவர் முகம் கழுவியிருந்தார். கட்டிலருகே நின்றார். உட்காரத் தோன்றவில்லை.

"லீதியா."

விளக்கு மங்கி, ஏறியது.

"நான் பேசுனதெல்லாம் கேட்டுதா உனக்கு? இத்தன நாளும்?"

மங்கியது.

"ஷீபாகிட்ட போன்ல சொன்னதுமா?"

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அதே நிதானத்தோடு மங்கியது.

அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "ஷீபா சொல்லுற இடத்துக்குப் போறியா? உன்னை அங்க நல்லாப் பாத்துக்கிடுவாங்க. போணும்னா மூடு. வேண்டாம்னா தொறந்து வையி."

விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. ஓர் இமைத்துடிப்புக்குக்கூட அது அசையவில்லை. கூடம் முழுவதும் நீலம் தளும்பியது. அந்த வெளிச்சத்தில் அவர் குனிந்து மனைவியின் நெற்றியில் தன் நெற்றியை வைத்தார்.

*

தினமும் மத்தியானம் லீதியாள் ஏன் விளக்கை மங்கச் செய்தாள் என்பதுதான் இசக்கிக்கு விளங்கவில்லை. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா என்று கேட்டாள். இல்லை. திரை போடட்டுமா? வேண்டாம். தூங்குவதற்காகவா? அதுவும் இல்லை. பவளத்துக்கு வெளிச்சம் கூடுதலாக இருக்கிறதா? அதற்கும் விளக்கு எரிந்தபடியே நின்றது. கேள்வி கேட்கிறவளுக்குத் தெரிந்த பதில்களில் அது இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

"எழுத்தெழுத்தாக் கேப்போம் சார். நான் க, ச, டன்னு சொல்லிக்கிட்டே வாரேன். அம்மா நிறுத்தட்டும். டீச்சர், சரியா?"

மங்கியது. முன்னைவிட வேகமாக.

இசக்கி மெய்யெழுத்து வரிசையை மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ந வந்ததும் மங்கியது. பிறகு அ, ஆ, இ என்று கேட்டதில் அ. முதல் எழுத்து ந. அடுத்த எழுத்துக்கு மறுபடி வரிசை. ண வந்ததும் மங்கியது. வெறும் புள்ளி வைத்த எழுத்தா என்றதும் மறுபடி மங்கியது.

"நன்றி" என்றார் ஜெபசிங். "எனக்கு நன்றி சொல்ல வாரா. வேண்டாம் லீதியா, எனக்குப் போய்…"

"சார், நன்றிக்கு ரெண்டு சுழி. அம்மா நிறுத்துனது மூணு சுழியில."

அவர் மனைவியைப் பார்த்தார். அழுகையும் சிரிப்புமாக ஏதோ ஒன்று அவர் முகத்தில் வந்தது. "ஆமா. அவ சுழி மாத்த மாட்டா. உயிரே போனாலும் மாத்த மாட்டா."

மூன்றாவது எழுத்து டு. அதோடு முடிந்ததா என்று கேட்டதும் விளக்கு மங்கியது.

ந, ண், டு.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒன்றரை வருடம் வாய் பேசாமல் கிடந்த ஒருத்தி முதன்முதலில் சொன்ன வார்த்தை அது. ஜெபசிங் மெதுவாக, "சாப்பிட ஆசையா இருக்கோ?" என்றார்.

விளக்கு எரிந்தது. அதில் ஒரு சலிப்புகூடத் தெரிந்த மாதிரி இருந்தது இசக்கிக்கு. அவள் தொட்டியைப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, "டீச்சர், கொஞ்சம் பக்கத்துல படுத்துக்கிடுதேன், மன்னிச்சிருங்க" என்று சொல்லி, தலையணையின் ஓரத்தில் லீதியாளின் கன்னத்தோடு கன்னமாகத் தன் தலையைச் சாய்த்தாள். "இப்பம் விளக்கைக் கொறைங்க."

வெளிச்சம் இறங்கியது.

நின்று பார்த்தவர்களுக்குத் தெரியாத ஒரு கடல் அங்கே இருந்தது. அந்திக் கருக்கலில் கிளைகள் எல்லாம் உள்ளிருந்து பச்சையாக ஒளிர்ந்தன. ஒவ்வொரு வாயும் திறந்து, கண்ணாடி நூல் போன்ற விரல்கள் ஆயிரக்கணக்கில் நீண்டு, இல்லாத அலையைத் தேடி அசைந்தன. தன் பிழைப்பே இதுதான் என்றாலும் இசக்கி இதை இப்படிப் பார்த்ததில்லை. மேலிருந்து பார்த்திருக்கிறாள், திரையில் பார்த்திருக்கிறாள். கண் மட்டத்தில், அசையாமல், அதனோடேயே படுத்துக்கிடந்து பார்த்ததில்லை. பெரியதொரு காடு மூச்சு விடுவதை அதன் அடிவாரத்தில் கிடந்து பார்ப்பதுபோல இருந்தது. லீதியாள் ஒவ்வொரு மத்தியானமும் இங்கேதான் இருந்திருக்கிறாள் என்று நினைத்தபோது, ஐயோ பாவம் என்ற சொல் எவ்வளவு சிறியது என்று தோன்றியது.

பிறகு பாறையின் அடியில், கிடந்து பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு பொந்திலிருந்து, மயிரடர்ந்த கால் ஒன்று வெளியே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. கறுத்த நுனிக் கொடுக்குகளோடு உள்ளங்கையளவு நண்டு ஒன்று பாறையில் ஏறி, கிளையின் அடியைப் பற்றி, ஒளிர்ந்துகொண்டிருந்த சதையை நிதானமாகக் கிள்ளித் தின்னத் தொடங்கியது.

"சார்" என்று கிசுகிசுத்தாள். "குனிஞ்சு பாருங்க. அம்மா தலைக்குப் பக்கத்துல வந்து பாருங்க."

அவர் முழங்கால் மடக்கி, மனைவியின் மறுபக்கம் முகத்தைக் கொண்டுவந்தார். பார்த்தார்.

"பாறையோட சேந்து குட்டியா வந்துருக்கும்" என்றாள் இசக்கி. "வெளிச்சம் இருந்தா வெளிய வராது. இருட்டுனாத்தான் வரும். ராத்திரி நாம யாரும் பாக்கப் போறதில்ல. அதான் நீங்க டீயோட வந்து உக்காருற நேரத்துல டீச்சர் விளக்கை மங்க வச்சிருக்காங்க. நீங்க இதைப் பாக்கணும்னு. எவ்வளவு நேரம் கண்ணை மூடிக் கெடந்தா அந்தத் தாமதத்தோட இவ்வளவு இருட்டும் தெரியுமா? நானா இருந்தா ஒரே நாள்ல விட்டுருப்பேன்."

"நான் அண்ணாந்து விளக்கைத்தான் பாத்தேன்" என்றார் ஜெபசிங். "தினமும் அண்ணாந்து விளக்கைத்தான் பாத்தேன்."

போன வாரம் அந்த விளக்கைக் கட்டிப்போட்டது தான்தான் என்பது இசக்கியின் நெஞ்சில் உறுத்தியது. ஒரு வாரம் முழுவதும் இந்த அம்மா கண்ணை மூடி மூடிப் பார்த்திருப்பாள். மங்காத விளக்கின் அடியில், தன் கண்ணெதிரே, நாள் முழுக்கப் பொந்துக்குள் இருந்துவிட்டு ராத்திரியில் நண்டு தின்ற மிச்சத்தை எண்ணிக்கொண்டு கிடந்திருப்பாள்.

இசக்கி அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். விளக்கு ஒரு கணம் மங்கி ஏறியது. சரி என்றா, போகட்டும் என்றா, தெரியவில்லை.

*

நண்டைப் பிடிக்க மூன்று பேரும் வேலை செய்தார்கள். ஜெபசிங் ஒரு கண்ணாடித் தம்ளரில் இறாலை நறுக்கிப் போட்டு, பொந்துக்கு முன்னால் சாய்த்து இறக்கினார். ஏறினால் வழுக்கும், வெளியே வர முடியாது. இசக்கி தலையணையில் கிடந்து பார்த்துச் சொன்னாள். லீதியாள் வெளிச்சத்தை இறக்கினாள். நண்டு வெளியே வந்து தம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஜெபசிங் பொறுமை இழந்து கையை உள்ளே விடப்போனபோது வெளிச்சம் படாரென்று முழுதாக ஏறியது.

அவர் கையை வெளியே எடுத்தார். "சரி, சரி. திட்டாத."

மறுபடி கருக்கல். இந்த முறை இறால் வாசனை வென்றது. நண்டு தம்ளருக்குள் இறங்கியதும் அவர் அதை அப்படியே தூக்கி வாளியில் கவிழ்த்தார். சட்டைக் கை முழங்கை வரை நனைந்து, கப்பல் கரைசேர்த்தவர் போல நின்றார். வாளிக்குள் அது கொடுக்கைத் தூக்கி எல்லாரையும் மிரட்டியது.

இசக்கி காப்பகத்துக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வர வேண்டாம், பவளம் இங்கேயே பிழைக்கும் என்றாள். யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார்கள். பார்த்துக்கொள்கிறவர் ஏற்கெனவே இருக்கிறார், அவரைப் போல ஒருவர் உங்களிடமும் கிடையாது, எங்களிடமும் கிடையாது என்றாள். அந்த இரண்டு புள்ளிகளை வரைபடத்திலிருந்து நீக்குவதா என்று லீதியாளிடமே கேட்டாள். வேண்டாம் என்று வந்தது. அந்தப் பவளத்தின் ஆயிரம் வாய்களோடு அந்த இரண்டும் அப்படியே இருந்தன.

அவள் பையைத் தோளில் மாட்டியபோது வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஜெபசிங் நாற்காலியைத் தூக்கிக் கட்டில் பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "க, ங, ச…" என்று தொடங்கி நிறுத்தி, "இரு, எனக்கு வரிசை மறந்துட்டு" என்றார். இசக்கி சொல்லிக்கொள்ளாமல் கதவைச் சாத்தினாள்.

தெருவில் வண்டியை எடுக்கும்போது அண்ணாந்து பார்த்தாள். மாடி ஜன்னலில் நீல வெளிச்சம் மங்கியது, ஏறியது. கொஞ்ச நேரம் நின்றது. மறுபடி மங்கியது. கீழே பால் வாங்கிக்கொண்டு போன ஒருத்தியும் நின்று பார்த்துவிட்டு, கரண்டு சரியில்லை போல என்று சொல்லிக்கொண்டு போனாள்.

இசக்கியின் கையிலிருந்த போன் அதிர்ந்தது. அலுவலகத்திலிருந்து தானாக வரும் எச்சரிக்கை. இந்த வீட்டு விளக்கு வழக்கத்துக்கு மாறாக அடிக்கடி மாறுகிறது, ஒவ்வொரு மாற்றமும் பதிவாகிறது, பார்வையிட விருப்பமா என்று கேட்டது.

தொட்டால் போதும். அந்த ஏற்ற இறக்கங்களை எழுத்துகளாக அடுக்கிவிட அவளுக்குத் தெரியும். இத்தனை நாள் உள்ளேயே வைத்திருந்ததை அந்த அம்மா இப்போது என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? விரல் திரைக்கு மேல் நின்றது.

பிறகு அவள் அந்த வீட்டு விளக்கின் பதிவை முழுவதுமாக நிறுத்தினாள். இனி அது யாரிடமும் எதையும் சொல்லாது. அவளிடமும்தான்.

வண்டியைக் கிளப்பாமல், தெரு முனை வரை தள்ளிக்கொண்டே நடந்தாள்.